முப்பத்தைந்துக்கு மேல் எம்.எஸ்.டபிள்யூ.: வாசகர் கேள்விகள்

போன இதழில், ‘எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) சேரலாம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. எழுதியவர்களில் பலர் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். ‘சேரலாம், சரி. ஃபீஸ் யார் கட்டுவது?’ என்பதுதான் சுற்றிச் சுற்றி எல்லோருடைய கேள்வியும். படிக்கப் போகும் விஷயத்தை வேலை பார்க்கும் இடத்தில் இன்னும் சொல்லவில்லை என்று சிலர் எழுதியிருப்பதால் பெயர்களைப் போடவில்லை. ஊர் மட்டும்.

வாசகி, பரமக்குடி: *எனக்கு 36 வயது. பி.ஏ. தமிழ். ஆதிதிராவிடர் வகுப்பு. ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். திட்டம் முடிந்துவிட்டதால் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கணவர் எலக்ட்ரீசியன். மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. இடம் கிடைக்கும் போலிருக்கிறது. இந்த வயதில் உதவித்தொகை தருவார்களா? வருமானச் சான்றுக்குப் போனால் அப்பாவின் வருமானத்தைக் கேட்கிறார்கள். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் வாங்குகிறார்.*

முதலில் வயது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வயது உச்சவரம்பு இல்லை. 36 ஆனாலும் 46 ஆனாலும் ஒன்றுதான். அங்கே பார்ப்பது சாதி, குடும்ப வருமானம், நீங்கள் ஏற்கெனவே என்ன படித்தீர்கள் என்ற மூன்றையும்தான். வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம்.

இப்போது அப்பாவின் பென்ஷன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போய்த் திரும்பி வருகிறார்கள். திருமணமாகி, வேலையில் இல்லாத பெண் படிக்கிறாள் என்றால் கணவரின் வருமானத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் விதிகளிலேயே குறிப்பு இருக்கிறது. அப்பாவின் பென்ஷன் அதில் வராது. அண்ணன் துபாயில் சம்பாதித்தாலும் வராது. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு ‘மாணவர்’ என்றதும் பதினெட்டு வயதுப் பிள்ளைதான் மனதில் வரும், அதனால் ‘அப்பா வருமானம் என்ன?’ என்று பழக்கத்தில் கேட்டுவிடுவார். நீங்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதியும்போதே குடும்பத் தலைவர் என்ற இடத்தில் கணவர் பெயரைக் கொடுங்கள். ரேஷன் கார்டு பிரித்து உங்கள் இருவர் பெயரிலும் தனியாக இருந்தால் வேலை சுலபம். இன்னும் அப்பா வீட்டு கார்டிலேயே உங்கள் பெயர் இருக்கிறது என்றால் அதை முதலில் மாற்றுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது மேலே ஏறிப் போகும்போது ஒவ்வொருவரும் பார்ப்பது அந்த கார்டைத்தான்.

இன்னும் சில விஷயங்கள். சேரும்போது நிர்வாக ஒதுக்கீட்டில் சேராதீர்கள். அப்படிச் சேர்ந்தால் இந்தத் தொகை கிடையாது. ‘இப்போதைக்கு மேனேஜ்மென்ட்டில் போட்டுக்கொள்கிறோம், அப்புறம் மாற்றித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உதவித்தொகையில் வருவது கட்டாயக் கட்டணமும், ஆண்டுக்குச் சில ஆயிரம் பராமரிப்புப் படியும்தான். திருப்பித் தரப்படும் டெபாசிட் எல்லாம் அதில் சேராது. மத்திய அரசின் பங்கான 60 சதவீதம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைந்த கணக்காக இருக்க வேண்டும். வீட்டில் மூன்று பாஸ் புக் இருந்தால் எதில் ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வேறு கணக்கில் விழுந்து, அது நூறு நாள் வேலைக் கணக்கு என்று பிறகு தெரிந்து திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் வரும்வரை கல்லூரி காத்திருக்குமா என்பதுதான் அடுத்த கவலை. சேர்க்கைக்கு முன்பே கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் எழுத்தரைப் போய்ப் பாருங்கள். முதல்வரை அல்ல, எழுத்தரை. ‘போன வருஷம் எம்.எஸ்.டபிள்யூ.வில் எத்தனை பேருக்கு வந்தது, எந்த மாதம் வந்தது, அதுவரை முழு ஃபீஸ் கட்டச் சொன்னீர்களா?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் உங்களுடைய பட்ஜெட்.

கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் என்றாலும் தமிழக அரசு தன் நிதியில் தருகிறது, சான்றிதழில் அப்படியே குறிப்பிட்டிருக்க வேண்டும். பரமக்குடியில் இருந்து தினம் மதுரை போய் வருவதாக இருந்தால் ரயில் சீசன் டிக்கெட்டைப் பாருங்கள். பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான், உங்கள் ஊர் மதுரை பஸ்ஸுக்கு இல்லை. மதுரைக்குள் களப்பணிக்கு அலையும்போது அது உதவும்.

வாசகர், சேலம்: *வயது 44. தனியார் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எம்.ஏ. சமூகவியல் முடித்திருக்கிறேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. எம்.எஸ்.டபிள்யூ. படிக்க அரசு உதவித்தொகை கிடைக்குமா?*

கிடைக்காது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு முதுகலைப் படிப்புக்கான உதவித்தொகை இருக்கிறது, அதற்கும் வருமான வரம்பு இரண்டரை லட்சம்தான். உங்கள் சம்பளம் அதைத் தாண்டியிருக்கும். தாண்டாவிட்டாலும், ஏற்கெனவே முதுகலை முடித்தவர் இன்னொரு முதுகலை படிக்க அரசுப் பணத்தை எதிர்பார்க்க முடியாது. போஸ்ட் மெட்ரிக் விதியிலும் இது தெளிவாகவே இருக்கிறது: ஒரே நிலையில் இரண்டாவது படிப்புக்கு உதவி இல்லை. எனக்கு இதில் வருத்தமும் இல்லை. இரண்டாவது எம்.ஏ.வுக்குப் போகும் பணம் பரமக்குடிக்குப் போகட்டும்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. உங்கள் நிறுவனத்திடமே கேளுங்கள். மனிதவளப் பிரிவில் இருப்பவர் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பதில் அவர்களுக்கும் லாபம் உண்டு. படித்து முடித்த பின் இத்தனை வருடம் இங்கேயே இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் பாதி ஃபீஸாவது தரும் முதலாளிகள் உண்டு. இரண்டாவது, இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அங்கே எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு வயது வரம்பு இல்லை, குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் நான்கு வருடத்தில் முடிக்கலாம். கட்டணத்தையும் ஆண்டுவாரியாகப் பிரித்துக் கட்டலாம். தொலைநிலைக் கல்விதானே என்று களப்பணியை அங்கே தள்ளிவிட முடியாது, அதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவது, கல்விக் கடன். நான்கு லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. நீங்கள் உங்களுக்காக வாங்கும் கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும் பழைய வரிமுறையில் இருப்பவர்கள் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், எட்டு ஆண்டு வரை. பிள்ளைக்கு வாங்கினால்தான் சலுகை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாசகி, நாகர்கோவில்: *முதுகலை படிப்பவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது என்று கேள்விப்பட்டேன். என் வயது 31.*

அது பல்கலைக்கழக மானியக் குழு நடத்தும் முதுகலை உதவித்தொகை. நல்ல தொகை, ஆண்டுக்குப் பத்து மாதம் வீதம் இரண்டு ஆண்டு. ஆனால் சேரும்போது வயது 30-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. தொலைநிலையில் படிப்பவர்களுக்கும் இல்லை. ஒரு வயதில் விட்டுவிட்டீர்கள். வீட்டில் தங்கை இருந்தால் சொல்லுங்கள்.

வாசகி, திருவண்ணாமலை: *அரசுப் பள்ளியில் படித்தவள் நான். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், முதல் பட்டதாரி சலுகை இரண்டும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குக் கிடைக்குமா? வயது 38.*

இரண்டும் இல்லை. புதுமைப்பெண் இளங்கலை, பட்டயப் படிப்பு வரைக்கும்தான். முதல் பட்டதாரிச் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற இளங்கலைத் தொழிற்படிப்புகளுக்கு. நீங்கள் எந்த வகுப்பு, வருமானம் என்ன என்று எழுதவில்லை. பரமக்குடி வாசகிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வாசகர், தஞ்சாவூர்: *பார்வைக் குறைபாடு 60 சதவீதம். வயது 35. வேறு ஏதாவது வழி உண்டா?*

உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கென்று மத்திய அரசின் தனி போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, முதுகலையும் அதில் அடக்கம். வருமான வரம்பு இரண்டரை லட்சம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆதாரைக் கொண்டு ஒருமுறைப் பதிவு செய்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பு அடிப்படையிலும் உங்களுக்குத் தகுதி இருந்தால் இரண்டில் எது அதிகம் என்று கணக்குப் பார்த்து ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் போட்டால் இரண்டும் நின்றுபோகும்.

வாசகி, திருப்பூர்: *ஃபீஸை எப்படியாவது கட்டிவிடுவேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் ஃபீல்டு ஒர்க் என்கிறார்கள். பனியன் கம்பெனியில் வேலை. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதற்கு யார் பணம் தருவார்கள்?*

வந்த கடிதங்களில் சரியான கேள்வி கேட்டவர் நீங்கள்தான். மற்றவர்கள் எல்லோரும் ஃபீஸைப் பற்றியே கேட்கிறார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் ஃபீஸ் சின்னச் செலவு. பெரிய செலவு உங்களுடைய நாள்தான். ஐந்து நாளும் கல்லூரிக் கணக்கு: மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களப்பணி. களப்பணி என்றால் ஓர் அரசு மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், நகராட்சிக் குடியிருப்பு என்று ஏதாவது ஓரிடத்தில் காலையிலிருந்து மாலை வரை இருந்து, அன்றிரவே அறிக்கை எழுதி, மறுநாள் மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். நம் ஊரில் இதற்குப் பொதுவாக ஊதியம் கிடையாது. அது போக ஒரு வாரம், பத்து நாள் கிராம முகாம். வருடக் கடைசியில் ஒரு மாதம் தொடர் களப்பணி. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு முகாம் என்றால் ஜாலி. பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு வருபவளுக்கு அப்படியா?

நான் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்த காலத்தில், கல்லூரிகளில் இருந்து களப்பணிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை செய்வதும் என் வேலைகளில் ஒன்று. ஒருமுறை நாற்பதைத் தொட்ட ஒரு பெண் வந்தார், அவரும் உங்களைப் போலத் தையல் இயந்திரத்தில் இருந்து எழுந்து வந்தவர். காசநோய் வார்டில் ஒரு முதியவர் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார். இளம் மாணவர்கள் அவருக்கு நோயைப் பற்றி வகுப்பே எடுத்தார்கள். இந்தப் பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ‘வெறும் வயித்துல போட்டா குமட்டுதுங்களா? காலையில என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்டார். அவர் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை, மருமகளிடம் கேட்கக் கூச்சம். அதோடு விஷயம் வெளியே வந்துவிட்டது. வயதானவர்கள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதுவது தர்மத்துக்காக இல்லை. வார்டுக்கு அவர்கள் தேவை.

ஆனால் அந்தப் பெண்ணும் களப்பணி நாள்களின் கூலியை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தார். அறிக்கைகளில் சில நேரம் நூல் ஒட்டிக்கொண்டு வரும். இந்தக் கூலி இழப்பை ஈடுகட்டும் அரசுத் திட்டம் எதையும் உங்களுக்கு நான் சுட்டிக்காட்ட முடியாது. அதனால் இப்படி யோசியுங்கள்.

உதவித்தொகையாக வரும் பணத்தையும் கடனாக வாங்கும் பணத்தையும் ஃபீஸுக்கு என்று ஒதுக்காமல், இரண்டு வருடத்துக்கான வீட்டுச் செலவையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடுங்கள். கல்விக் கடன் கேட்கும்போது ஃபீஸ் மட்டும் எழுதாதீர்கள். புத்தகம், பயணம், விடுதியில் தங்கினால் அந்தச் செலவு எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. அடுத்து, கல்லூரியின் சொந்த நிதி. பழைய சமூகப் பணிக் கல்லூரிகளுக்குப் பெரிய முன்னாள் மாணவர் கூட்டம் இருக்கிறது. 1952-ல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரியை எடுத்துக்கொண்டால் பேரன் பேத்தி எடுத்த முன்னாள் மாணவர்களே ஏராளம். இப்படிப்பட்ட இடங்களில் துறைத் தலைவரிடம் போய், ‘ஃபீஸ் தள்ளுபடி வேண்டாம், களப்பணி மாதங்களுக்கு மட்டும் பயணப்படி கிடைக்குமா?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாக ‘உதவி செய்யுங்கள்’ என்றால் பார்க்கலாம் என்பார்கள். குறிப்பாகக் கேட்டால் ஒரு தொகை அவர்கள் மனதில் வரும்.

இன்னொன்றும் கேளுங்கள்: களப்பணி எந்தெந்தக் கிழமை, வீட்டுக்குப் பக்கத்து நிறுவனத்தில் இடம் தருவார்களா? திருப்பூரிலேயே தொழிலாளர் நலம், குழந்தைகள் பாதுகாப்பு என்று எத்தனையோ இடம் இருக்கிறது. கோயம்புத்தூர் வரை போய் வருவதை மிச்சம் பிடித்தாலே பெரிய விஷயம். இதையெல்லாம் சேர்க்கைக்கு முன் கேட்க வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் அது சலுகை ஆகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்து முடியாது என்று வந்தால் தொலைநிலையில் மெதுவாகப் படியுங்கள். நான்கு வருடம் ஆகும் என்று யாராவது சொன்னால், படிக்காமல் இருந்தாலும் அந்த நான்கு வருடம் ஆகத்தான் போகிறது.

வாசகர், திண்டுக்கல்: *பத்தாம் வகுப்புக்குப் பிறகு நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தேன். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால் அரசு வேலைக்குப் போகலாமா? உதவித்தொகை கிடைத்தால் சேரலாம் என்றிருக்கிறேன்.*

நில்லுங்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று 2009-ல் அரசாணையே இருக்கிறது. மேலே எம்.எஸ்.டபிள்யூ. வாங்கி அடுக்கினாலும் அடியில் உள்ள ஓட்டை அடைபடாது. தொண்டு நிறுவனம், தனியார் மருத்துவமனை போதும் என்றால் தாராளமாகச் சேருங்கள். அரசு வேலைதான் குறி என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குச் செலவழிக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் சான்றிதழ்களைக் காட்டிவிடுங்கள்.

வாசகி, ஆம்பூர்: *மும்பை டிஸ்ஸில் படிக்க ஆசை. வயது 39. நடக்குமா?*

நடக்கும். டிஸ் என்கிற டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-ல் தொடங்கியது, இந்தியாவில் சமூகப் பணிப் படிப்புக்கே அதுதான் தாய்வீடு. இப்போது முதுகலைப் பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுத வேண்டும், அதற்கு வயது வரம்பு இல்லை. ஆனால் ஆம்பூரில் இருந்து மும்பையில் போய் இரண்டு வருடம் தங்குவது ஃபீஸைவிடப் பெரிய செலவு. போஸ்ட் மெட்ரிக் தகுதி இருந்தாலும் விடுதி, சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காக 2018-ல் அங்கே மாணவர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடன் வாங்குவதானால் பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தின் கல்லூரிப் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் ஜாமீன் இல்லாமல் கடன், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் வட்டியில் 3 சதவீதச் சலுகை.

வாசகி, நியூ ஜெர்சி: *கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறேன், 42 வயது. இங்கே எம்.எஸ்.டபிள்யூ. சேர உதவித்தொகை தேடுகிறேன். எதைத் திறந்தாலும் நீங்கள் தகுதியற்றவர் என்கிறது.*

அங்கே வயது ஒரு பொருட்டே இல்லை, விசாதான் பிரச்சினை. அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி முழுக்க எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற விண்ணப்பப் படிவம் வழியாகப் போகிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் ஹெச்-4 விசாவில் அது திறக்காது. குழந்தைகள் நலத் துறையில் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டால் படிக்கப் பணம் தரும் ‘டைட்டில் ஃபோர்-ஈ’ உதவி பல மாநிலங்களில் இருக்கிறது. கிரீன் கார்டு வரும் தருவாயில் இருந்தால் அதற்காகவே ஒரு வருடம் பொறுக்கலாம் என்பேன். இல்லையென்றால் பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில் தரும் உதவி ஒன்றுதான் உங்களுக்கு மிச்சம், அதைச் சேர்க்கை அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டும். களப்பணி அங்கே குறைந்தது 900 மணி நேரம். வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே களப்பணி செய்ய அங்கே விதி இடம் தருகிறது. வேலை அனுமதி உங்கள் கையில் இருந்தால் அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாசகர், வேலூர்: *எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை ‘சாங்ஷன்’ ஆகியிருப்பதாகவும், பதிவுக் கட்டணம் 3,000 கட்ட வேண்டும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். நான் எதற்கும் விண்ணப்பிக்கவே இல்லை.*

விண்ணப்பிக்காமல் சாங்ஷன் ஆகும் பணம் இந்த நாட்டில் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. பிளாக் செய்துவிட்டு 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு ஒரு புகார் கொடுங்கள். அந்த மூவாயிரத்தை இக்னோ விண்ணப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.